டெக் லாக்கில் ஏறாத கோளாறுகள்: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 ஜூனில் டெல்லி, மும்பை உள்ளிட்ட பெரிய விமான நிலையங்களில் உங்கள் அதிகாரிகள் இரவிலும் அதிகாலையிலும் நேரில் சென்று சோதனை நடத்தினார்கள். அதன் முடிவுகளை உங்கள் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ பொதுவெளியில் வைத்தது. தேய்ந்த டயர், இருக்கைக்கு அடியில் சரியாகப் பொருத்தப்படாத உயிர்காப்பு உடை என்று நீளும் அந்தப் பட்டியலில் இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். விமானத்தின் கணினிகளே பதிவு செய்து தந்த கோளாறு அறிக்கைகள், விமானத்தின் கோளாறுப் பதிவேடான டெக் லாக்கில் எழுதப்படவில்லை என்பது ஒன்று. எழுதப்பட்ட கோளாறுகளும் அதே விமானங்களில் பலமுறை திரும்ப வந்தன என்பது மற்றொன்று. ஏழு நாள்களுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டீர்கள். டயரை ஏழு நாளில் மாற்றிவிடலாம், உயிர்காப்பு உடையை ஒரே இரவில் ஒழுங்காக வைத்துவிடலாம். கோளாற்றை எழுதாமல் விடும் பழக்கம் ஏழு நாளில் போகாது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பாறசாலையில் வசிக்கும் தமிழன். 1956இல் எல்லைக்கோடு களியக்காவிளையில் விழுந்தபோது கேரளப் பக்கம் தங்கிப்போன தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளராகத் திருவனந்தபுரத்தில் லைன் பணியில், அதாவது இறங்கிய விமானத்தை அடுத்த பயணத்துக்கு முன் சோதித்து அனுப்பும் பணியில், இருந்து ஓய்வு பெற்றவன். கோட்டுக்கு அந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. மார்த்தாண்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று எந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனாலும் பெரும்பாலானவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டி, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் வந்துதான் விமானம் ஏறுகிறார்கள். டெக் லாக் என்று ஒன்று இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பயணிகள் விமானத்திலும் விமானிகள் அறையில் ஒரு பதிவேடு இருக்கும். அதுதான் டெக் லாக். பக்கத்தின் ஒரு பாதி விமானிக்கு, மறுபாதி பொறியாளருக்கு. பறக்கும்போது எந்தக் கருவி முரண்டு பிடித்தாலும், இறங்கியதும் விமானி தன் பாதியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எங்கள் வழக்கில் அதற்கு ஸ்நாக் என்று பெயர். பொறியாளர் அதைச் சரிசெய்து, என்ன செய்தார் என்பதை மறுபாதியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உடனே சரிசெய்ய முடியாவிட்டால், எம்இஎல் என்னும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் தள்ளிவைக்கலாம். அந்த அனுமதிக்கும் கெடு உண்டு. கோளாறு பதிவான நாளைத் தவிர்த்து, பி வகை என்றால் 3 நாள், சி வகை என்றால் 10 நாள், டி வகை என்றால் 120 நாள். ஏ வகைக்குப் பட்டியலிலேயே தனிக்கெடு குறிக்கப்பட்டிருக்கும். பொறியாளரின் கையெழுத்து விழாமல் விமானம் நகரக் கூடாது. காகிதப் பதிவேடாக இருந்தால் கார்பன் படிந்த நகல் ஒன்றைக் கிழித்துத் தரையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கதவை மூடுவோம். விமானத்துக்கு ஏதாவது நேர்ந்தாலும் அந்தத் தாள் மிஞ்ச வேண்டும் என்பதே காரணம்.

அடுத்து வரும் விமானிக்கு முந்தைய விமானியோடு பேசிப் பார்க்க வாய்ப்பு அநேகமாகக் கிடைக்காது. இரவுப் பணிப் பொறியாளர் விமானத்தில் பறந்து பார்ப்பதும் இல்லை. இவர்கள் அனைவருக்கும் இடையில் இருப்பது அந்த ஒரு பக்கம்தான்.

அந்தப் பக்கத்தில் பாதியை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 அக்டோபர் 28ஆம் தேதி இரவு பாலித் தீவின் டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்த லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் விமானத்தைப் பார்க்க வேண்டும். மேலெழுந்ததுமே கேப்டன் பக்கத்து ஸ்டிக் ஷேக்கர் அதிரத் தொடங்கியது. விமானம் நிலைகுலையப் போகிறது என்று கைப்பிடியை உலுக்கி எச்சரிக்கும் கருவி அது. பயணம் முழுக்க அது ஓயவில்லை. வால்பகுதிக் கிடைச்சிறகு தானாக அசைந்து மூக்கைக் கீழே தள்ளியது. விமானிகள் அதன் மின்னோட்டத்தை நிறுத்தும் சுவிட்சை அணைத்து, அந்தச் சிறகை நகர்த்தும் சக்கரத்தைக் கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாக இறங்கினார்கள். இறங்கியபின் பதிவேட்டில் ஏறியவை, வேக அளவும் உயர அளவும் இருபுறமும் முரண்படுகின்றன என்பதும், ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்பதும்தான். ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்ததோ, கிடைச்சிறகு தானாக ஓடியதோ, சுவிட்சை அணைத்ததோ அதில் இல்லை.

ஜகார்த்தாவில் இருந்த பொறியாளர் தன் கையில் இருந்த வரிகளுக்கு ஏற்ற வேலையைச் செய்தார். காற்றழுத்தக் குழாய்களை ஊதிச் சுத்தம் செய்தார், ஒரு மின் இணைப்பைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார், சோதித்துப் பார்த்தார், சரியாக இருந்தது. உண்மையில் கெட்டிருந்தது டென்பசாரில் புதிதாகப் பொருத்திய தாக்குக்கோண உணரி, அதாவது எதிர்க்காற்று இறக்கையில் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்று அளக்கும் கருவி. அது 21 டிகிரி தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பொருத்தியபோது செய்த சோதனையின் அளவுகளும் பதிவாகவில்லை. மறுநாள் 29ஆம் தேதி காலை வேறு விமானிகள் அதே விமானத்தை எடுத்தார்கள். 189 பேர் ஜாவாக் கடலில் மாண்டார்கள். வடிவமைப்பில் போயிங் செய்த பிழை முதன்மையானது, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் முந்தைய இரவின் முழு விவரமும் எழுதப்பட்டிருந்தால் அந்த விமானம் காலையில் புறப்பட்டிருக்குமா என்ற கேள்வியை எந்தப் பொறியாளராலும் தள்ளிவிட முடியாது. இந்தோனேசிய விசாரணைக் குழுவும் ஆவணக் குறையை விபத்துக்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாகவே எழுதியது. அந்த அக்டோபர் மாதப் பதிவேட்டில் 31 பக்கங்கள் காணவில்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது.

எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்றால் போதாது. 2014 டிசம்பர் 28 அன்று சுரபயாவிலிருந்து சிங்கப்பூர் புறப்பட்ட ஏர்ஏசியா ஏ320 விமானத்தில் 162 பேர் இறந்தார்கள். அதன் சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் ஒரு சிறு ஈயப் பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. அந்தக் கோளாறு அதற்கு முந்தைய 12 மாதங்களில் 23 முறை பதிவேட்டில் ஏறியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பொறியாளர் கணினியை மீட்டமைத்தோ சோதித்தோ கையெழுத்திட்டிருந்தார். 23 பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவர் இல்லை. சில நாள்களுக்கு முன் தரையில் ஒரு பொறியாளர் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து மீட்டமைத்ததைக் கேப்டன் பார்த்திருந்தார். நடுவானில் அதே எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலித்தபோது, செக்லிஸ்ட்டில் இல்லாத அதே வேலை வானத்தில் நடந்தது. தானியங்கி ஓட்டம் துண்டிக்கப்பட்டது, அதன்பின் விமானத்தை மீட்க முடியவில்லை. தரையில் சரியாக இருக்கும் ஒரு செயல் வானத்தில் ஆபத்தாகலாம். அதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிலைக்கு ஒரு விமானியை விடவே கூடாது. ஆறாம் முறையோ ஏழாம் முறையோ வந்தபோதே அந்தப் பெட்டியை மாற்றியிருந்தால் கேப்டனுக்கு அந்தச் சோதனையே வந்திருக்காது.

இரண்டும் வெளிநாட்டில் நடந்தவை. ஆனால் உங்கள் ஜூன் மாதப் பட்டியலின் இரண்டு வரிகளும் இந்த இரண்டு விபத்துகளின் வேரைத்தான் தொடுகின்றன.

ஒரு விமானி ஏன் எழுதாமல் விடுகிறார்? சோம்பல் என்று சொல்வது அநியாயம். பெரும்பாலும் காரணம் இடம்தான். வெளி நிலையங்களில் உதிரிபாகம் இருக்காது, உரிய தகுதியுள்ள பொறியாளரும் சில நேரம் இருக்கமாட்டார். அங்கே எழுதினால் விமானம் நிற்கும். தாய்நிலையத்துக்குத் திரும்பி வந்து எழுதினால் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஆகவே, "இதைப் போய் ஊரில் எழுதிக்கொள்ளலாம்" என்ற வழக்கம் தலையெடுக்கிறது. இடையில் ஒரு முழுப் பயணம், நிறைந்த பயணிகளோடு, எழுதப்படாத கோளாற்றுடன் நடந்துவிடுகிறது.

எங்கள் மலையாளக் கரையின் மழைக்காலம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. முன்கண்ணாடி வைப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கண்ணாடியில் அதை ஓட்டக் கூடாது, கண்ணாடி கீறிவிடும். ஆகவே மழையில் இறங்கும்போதுதான் அதன் குறை தெரியவரும். வளைகுடாவில் மாதக்கணக்கில் மழை இல்லை. ஜூன், ஜூலையில் இங்கே இறங்கும்போது ஒருவர் அதை முதலில் காண்கிறார். எழுதினால், மழை இல்லாத இடத்துக்குத்தான் பறக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு தள்ளிவைக்க வேண்டும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளத்தில் அப்படி எங்கே போய் இறங்குவது? விமானம் நின்றுவிடும். எழுதாவிட்டால், அந்தக் குறை மீண்டும் தெரியப்போவது அடுத்த மழையில், அடுத்த விமானியின் கண்முன்னே, தரைக்குச் சில நூறு அடி உயரத்தில். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 உயிர்களைப் பறித்த விபத்தில், முதல் முயற்சியின்போது கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது. அது சரியாக இயங்காததையும் விசாரணை அறிக்கை துணைக் காரணங்களில் சேர்த்திருக்கிறது. ஓடுபாதையை நிலையற்ற விதத்தில் நெருங்கியபோதும் தொடர்ந்து இறங்கியதே முதன்மைக் காரணம் என்பதையும் அது தெளிவாகச் சொல்கிறது. அந்த விமானிகள் எதையும் மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வைப்பரை அற்பமான பொருளாக நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுதினால் என்ன பயன் என்பதற்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் 737 விமானம் ஓர் இரவு திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது. உடனே வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டும். கேப்டன் படிக்கட்டின் உச்சியிலேயே நின்று, மேலேறும்போது இடது ஏசி பேக், அதாவது விமானத்துக்குள் குளிர்காற்று தரும் இரண்டு இயந்திரங்களில் ஒன்று, அதிகச் சூட்டில் நின்றுவிட்டதையும், மீட்டமைத்த பிறகு வந்துவிட்டதையும் சொன்னார். வாயால் சொல்லிவிட்டு நகரவில்லை. உள்ளே அழைத்து எழுதினார். பேக் நின்றபோது இருந்த உயரம், வெளிக்காற்றின் வெப்பம், புறப்பட்டு எவ்வளவு நேரத்தில் நின்றது, ஆற இடைவெளி விட்டு எப்போது மீட்டமைத்தார்கள், மீண்டும் நின்றதா என்று ஒவ்வொன்றும் அதில் இருந்தது. நாங்கள் அதைத் தள்ளிவைத்தோம். ஒரு பேக்கோடு பறப்பதென்றால் 25,000 அடிக்கு மேல் ஏறக் கூடாது. தாழப் பறந்தால் எரிபொருள் அதிகம் செல்லும். அதற்கு இடம்விடப் பயணிகளின் பெட்டிகள் சில இறக்கிவைக்கப்பட்டன. பராமரிப்புக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, மீட்டமைத்தபின் ஓடுகிறது என்றால் ஏன் தள்ளிவைக்க வேண்டும் என்று தொலைபேசி வந்தது. பெட்டி வராது என்று கேட்ட பயணிகள் கவுண்டரில் கொந்தளித்தார்கள். அவர்களில் பலர் குமரி மாவட்டத்துக்காரர்கள், விடுப்பு முடிந்து திரும்புகிறவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. தாய்நிலையத்தில் அந்தப் பக்கத்தைப் படித்த பொறியாளர்கள் நேராக வெளிக்காற்றுக் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டரைத்தான் திறந்தார்கள். அது பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. மாற்றினார்கள், கோளாறு திரும்ப வரவில்லை. வெறுமனே "இடது பேக் கோளாறு" என்று எழுதியிருந்தால், தரையில் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டு அனுப்பியிருப்பார்கள். குளிர்ந்த இரவில் நிற்கும் விமானத்தில் அந்தக் கோளாறு தலைகாட்டாது.

இந்தத் தொழிலில் நல்ல பதிவு என்பது இதுதான். எந்தக் கட்டத்தில், எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எந்த எச்சரிக்கை முதலில் வந்தது, எது அடுத்து வந்தது, எந்தச் சுவிட்சைத் தொட்டார்கள், தொட்டபின் என்ன மாறியது என்பவை அதில் இருக்க வேண்டும். நடுவானில் இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். முதலில் விமானத்தை ஓட்ட வேண்டும். 1972 டிசம்பர் 29 அன்று மயாமி அருகே ஈஸ்டர்ன் விமானம் ஒன்றின் குழு, முன்சக்கர விளக்கின் பல்பு எரியாததை ஆராய்வதிலேயே மூழ்கியிருந்தது. விமானம் தாழ்ந்துகொண்டே போனதைக் கவனிக்கவில்லை. அது சதுப்பில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். ஆகவே ஓட்டுகிறவர் ஓட்ட, மற்றவர் செக்லிஸ்ட்டை வரிவரியாகப் படித்து முடித்து, நிலைமை அடங்கியபின் ஒரு துண்டுத் தாளில் நேரத்தோடு குறித்துக்கொண்டால் போதும். இறங்கியபின் நினைவிலிருந்து எழுதுவதற்கும் அந்தத் தாளைப் பார்த்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறியாளர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். முந்தைய பயணத்தின் விமானிகள் கிடைச்சிறகின் நிலையைக் காட்டும் உணரி குறித்து டெக் லாக்கில் எழுதியிருந்ததும், பணியிலிருந்த பொறியாளர் விதிமுறைப்படி அதை ஆராய்ந்து விமானத்தை விடுவித்ததும், விடுவித்த நேரமும் அதில் இருக்கின்றன. விபத்தின் காரணத்தை அதிலிருந்து ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய துயரத்துக்குப் பிறகும் யார் எதைப் பார்த்தார்கள், யார் எதைச் செய்தார்கள் என்பதை விசாரணையாளர்களால் நிமிடக் கணக்கில் சொல்ல முடிந்தது என்றால், எழுத வேண்டியவர்கள் எழுதியதால்தான்.

இனி உங்களிடம் நான் கேட்பவை.

விமானத்தின் கணினி ஒவ்வொரு பயணத்திலும் கோளாறுகளை நேரத்தோடும் பறப்பின் கட்டத்தோடும் தானாகவே பதிவு செய்கிறது. அந்தப் பதிவையும் டெக் லாக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதை, அவ்வப்போது நடக்கும் இரவுச் சோதனையாக விடாமல், ஒவ்வொரு நிறுவனமும் மாதந்தோறும் செய்து உங்களுக்குத் தர வேண்டிய கடமையாக்குங்கள். கணினி சொன்ன எல்லாமும் கோளாறு ஆகிவிடாது, பொய்ச் செய்திகள் நிறைய வரும். அதையும் ஒருவர் பார்த்து, பொய் என்று எழுதிக் கையெழுத்திடட்டும்.

எந்த நிலையத்தில் எத்தனை ஸ்நாக் எழுதப்படுகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு விமானம் நாள் முழுக்க நான்கைந்து ஊர் சுற்றியும், கோளாறுகள் எல்லாம் தாய்நிலையத்தில் கடைசியாக இறங்கியபோது மட்டுமே பிறக்கின்றன என்றால், நடப்பது என்ன என்று தனியாக விசாரிக்கத் தேவையில்லை. இந்த ஒரு கணக்குக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், இருக்கும் பதிவேடுகளே போதும்.

2022 ஜூலையில் உங்கள் அலுவலகம் நடத்திய திடீர்ச் சோதனைகளில் மூன்று குறைகள் தெரியவந்தன. சொல்லப்பட்ட கோளாற்றின் காரணத்தைச் சரியாகக் கண்டறியவில்லை, எம்இஎல் மூலம் தள்ளிவைத்து விமானத்தை விடுவிப்பது கூடிக்கொண்டே போகிறது, விமானங்கள் அடுத்தடுத்து வரும் நேரத்தில் தகுதியுள்ள பொறியாளர்கள் போதவில்லை என்பவை அவை. பி1 அல்லது பி2 வகைப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் உள்ளவரே விமானத்தை விடுவிக்க வேண்டும் என்று அப்போது உத்தரவிட்டீர்கள். நல்ல உத்தரவு. அந்தப் பொறியாளருக்கு விமானத்தை நிறுத்தி வைக்கும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. அந்த உரிமையை அவர் பயன்படுத்திய இரவில் அவருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் பதிவாக வேண்டும். யார் அழைத்தார், என்ன கேட்டார் என்பது டெக் லாக்கின் அதே பக்கத்தில் ஒரு வரியாக ஏறட்டும். அப்படி ஒரு கட்டம் இருக்கிறது என்று தெரிந்தாலே தேவையற்ற அழைப்புகள் குறைந்துவிடும்.

ஒரே கோளாறு குறிப்பிட்ட நாள்களுக்குள் மூன்றாம் முறை வந்தால், "சோதித்தோம், சரியாக இருக்கிறது" என்ற வரியோடு அதை மூடக் கூடாது என்று விதியில் எழுதுங்கள். மூன்றாம் முறை ஒரு பாகத்தை மாற்ற வேண்டும், அல்லது ஏன் மாற்றவில்லை என்பதை முந்தைய பதிவுகளைச் சுட்டிக்காட்டி மூத்த பொறியாளர் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதற்குச் செலவாகும். நிறுவனங்கள் முணுமுணுக்கும். சுரபயாவின் 23 பதிவுகளை அவர்கள் முன் வையுங்கள்.

கடைசியாக, வெளி நிலையத்தில் எழுதி விமானத்தை நிறுத்திய விமானியின் பெயரைக் காலதாமதப் பட்டியலில் நிறுவனங்கள் எப்படிக் கையாளுகின்றன என்று கேளுங்கள். பாதுகாப்புக்கு எழுதியதற்காக ஒருவர் விளக்கம் தர அழைக்கப்பட்டார் என்று தெரிந்தால், அவரிடம் கேட்ட விளக்கத்தை அவரை அழைத்தவரிடம் நீங்கள் கேளுங்கள். ஒரே ஒரு முறை, நாடறிய அப்படிச் செய்தால், அடுத்த வாரமே பதிவேடுகளின் முகம் மாறியிருப்பதை உங்கள் அதிகாரிகள் காண்பார்கள்.

இந்த ஆண்டும் இடவப்பாதி வரும், வைப்பர்கள் ஓடத் தொடங்கும். அதற்குமுன் நிலையவாரியான கணக்கை மட்டுமாவது கேட்டு வாங்கி, டிஜிசிஏ இணையத்தளத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
பாறசாலை, திருவனந்தபுரம் மாவட்டம்